மேலுக்கு ஊற்றாத சாயங்காலம்

ஓர் ஆம்பிளை குடத்தைத் தூக்கித் தண்ணீர் சுமந்தால் ஊரில் மழை பெய்யாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. ஆனால் தேவாசீர்வாதம் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அச்சங்குளத்துப் பெண்டுகள் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது. இடுப்பில் வைத்தால் சிரிப்பார்கள் என்று தோளில் வைத்தான். அதற்கும் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கொளம்பு?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"கருவாட்டுக் கொளம்பு. வீட்டுக்கு வா, ஒரு அகப்பை ஊத்துறேன். ஒன் வீட்டுக்காரன் என்னைக்காவது ஒனக்கு ஊத்திருக்கானா?"

தேவாசீர்வாதத்துக்கு நாக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. அது கட்டிப் போனதெல்லாம் அந்த மாசி மாதத்தில்தான்.

அவன் பூச்சட்டி, வெடி செய்கிற பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். வெடியுப்பையும் கந்தகத்தையும் கரித்தூளையும் அலுமினியப் பொடியையும் அளந்து போட்டு, சல்லடையில் சலித்துக் கலக்கிற வேலை. அவன் மனைவி ஞானபூரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அச்சங்குளத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கை பிடித்தவள் அவள்தான். ஆனால் டிரெயினிங் படிக்காத டீச்சர்கள் படித்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சர்க்கார் உத்தரவு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷப் படிப்பு. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஞானஜோதி ஆறாம் வகுப்பு. அடுத்தவன் ஜெயச்சந்திரன். கடைக்குட்டி பாக்கியவதி அப்போதுதான் பால்குடி மறந்திருந்தாள். மூன்றையும் விட்டுவிட்டு ஒருத்தி படிக்கப் போவதா என்று ஊரே வாயில் அடித்துக்கொண்டது. தேவாசீர்வாதம் ஒரே சொல்லாகச் சொன்னான்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுறேன்."

"சோத்தக் கொழைய விடுவீக. அது பரவாயில்ல. ஆனா சோதிய அடுப்படியில உக்கார வச்சீகன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துருவேன். அவ படிக்கணும்."

"அவ அடுப்புப் பக்கம் போக மாட்டா. நீ பஸ் ஏறு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். விடியும் முன்னே எழுந்து கம்மங்கூழ் கரைத்து வைப்பான். மூத்தவளுக்குச் சடை பின்னுவான். திரி முறுக்கிப் பழகிய கையாதலால் அந்தச் சடை இழுத்த இழுப்பில் அவள் கண் ரெண்டும் மேலே ஏறிக்கொள்ளும். "அப்பா, வலிக்குப்பா" என்பாள். "சாயங்காலம் வரைக்கும் அவுராதுல்ல" என்பான். கடைக்குட்டியைப் பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நடப்பான். தங்கத்தாய்க்குப் பிள்ளை இல்லை. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள். கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை என்று பாராமல் திருநீறு பூசிவிடுவாள். சாயங்காலம் அவன் அதைத் துடைத்துவிடுவான். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடி, இரண்டாவது வருஷமும் ஓட்டமாக ஓடி, கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது. வருகிற திங்கட்கிழமை பூரணி இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று பிள்ளைகளுக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறவில்லை என்றால் அத்தனை நாள் படிப்பும் பாழ். வேலையும் போச்சு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்து வேலைக்காரன் வீட்டில் ஒரு கட்டளை உண்டு. வேலைத் துணியோடு வாசல்படி ஏறக் கூடாது. பூரணி கொல்லைப்புறத்தில் பூவரச மரத்தடியில் ஒரு பானைத் தண்ணீரும் மாற்று வேட்டியும் வைத்திருப்பாள். அவன் நேரே அங்கேதான் போவான். வேலை வேட்டியை அவிழ்த்து முள்வேலிக் கொடியில் போட்டுவிட்டு, தலையோடு மேலுக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவான். அப்படியும் பூரணி அவன் காது மடலைத் திருப்பிப் பார்ப்பாள். "இங்கன மினுங்குது. போங்க, திரும்பவும் ஊத்திட்டு வாங்க" என்று விரட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே போவான். கல்யாணமான நாள் முதல் மருந்தோடு வருகிறவன் அவன், அடுப்பு மூட்டுகிறவள் அவள். இரண்டும் வேறு வேறு ஆளாக இருந்ததால் ஒன்றும் நேரவில்லை. அவள் போன பிறகு இரண்டும் ஒரே ஆளாகிவிட்டதை அவன் யோசிக்கவே இல்லை.

யோசிக்காததற்கும் காரணம் இருந்தது. கம்பெனியிலேயே ஒரு தொட்டி உண்டு. வேலை முடிந்து மேலுக்கு ஊற்றிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் போட்டிருந்தது. ஆனால் அது எலெக்சன் மாசம். எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஊர்வலத்துக்கு வெடி வேண்டும், பூச்சட்டி வேண்டும். ஆர்டர் மேல் ஆர்டர். வெயிலோ மாசியிலேயே பங்குனி மாதிரி கொளுத்தியது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஆற்றில் மணல்தான் ஓடியது. தண்ணி வண்டி கொண்டுவந்த தண்ணீர் பசை காய்ச்சவும் தீ வாளியில் நிரப்பவும்தான் சரியாக இருந்தது. போர்மேன் சீனிவாசகம் தொட்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்.

"வீட்டுல போயி குளிச்சுக்கிடுங்கப்பா. ஒரு மாசம்தான். சீசன் முடியட்டும்."

"போர்மேன், மேலெல்லாம் மருந்து. இப்படியே எப்படி ஊருக்குள்ள போறது?"

"ஏன், வெள்ளியில வார்த்த செல கணக்கா ஜம்முன்னுதான இருக்க? போ, போ. நாளைக்கு லோடு போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேவாசீர்வாதமும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிற்பாடு பல்லைக் கடித்துக்கொண்டது அவனுக்குத்தான் தெரியும்.

அன்று புதன்கிழமை. லோடு ஏற்றி முடிய நேரமாகிவிட்டது. வெள்ளியாய் மினுங்குகிற உடம்போடு வீட்டுக்கு வந்தான். பூவரச மரத்தடிப் பானை காலி. காலையில் கிணறு ஊறவில்லை, தண்ணீர் எடுக்கவில்லை. வீட்டுக்குள் குடிக்க ஒரு செம்பும் உலைக்கு ஒரு பானையும்தான் மிச்சம். ஜெயச்சந்திரன் தெருவில் விளையாடப் போயிருந்தான். கடைக்குட்டி பசியில் கத்திக்கொண்டிருந்தாள். ஜோதி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுப்பில் பருத்திமார் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரி! ஒங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனா?"

"பாப்பா அழுதாப்பா. நான் தீ மட்டும் மூட்டிட்டு..."

"நீ போயி கணக்கப் போடு. நான் மூட்டுறேன்."

இந்நேரம் கிணறு கொஞ்சம் ஊறியிருக்கும். உலையை வைத்துவிட்டால் அது கொதிக்கிறதுக்குள் கிணற்றடிக்குப் போய் மேலுக்கு ஊற்றிவிட்டு வந்துவிடலாம். அவ்வளவுதான் நினைத்தான். எந்தத் தகப்பனும் அதைத்தான் நினைப்பான். எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள். குந்தி உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தான். பாக்கியவதி ஓடிவந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பருத்திமார் பற்றியதோ வேட்டி பற்றியதோ தெரியவில்லை. பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். பிள்ளையைத் தூக்கி எறிந்தான். எறிகிறதற்குள் அவள் வலது கையை நெருப்பு நக்கிவிட்டது. ஜோதி அலறவில்லை. மறுநாளைக்குப் புளிக்க வைத்திருந்த கூழ்ப்பானையைத் தூக்கி அப்படியே அவன் மேல் கவிழ்த்தாள். வேட்டி அணைந்தது. தொடையில் தோல் உரிந்து தொங்கியது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. வழிந்த கூழை அள்ளி அள்ளிப் பிள்ளையின் கையில் அப்பினான். அதன் பிறகுதான் அவனுக்குச் சத்தம் வந்தது. தங்கத்தாய் சுவரேறிக் குதித்து வந்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் வயிறு எரிய வேண்டாம். முழங்கைக்குக் கீழே தோல் வெந்துவிட்டது. விரல்களுக்கு ஒன்றுமில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து தடவிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவன் தொடைக்கும் கட்டு.

எரிந்தது அதன் பிறகுதான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், "தாயார் எங்கே?" என்று கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "அம்மா இல்லையா, ஐயோ பாவம்" என்றாள். வீட்டு வாசலில் வேதக்கோயில் சபை ஆட்கள் கூடி நின்றார்கள்.

"பெத்தவ இருந்தா இப்படி ஆகுமா?"

"படிப்பு, படிப்புன்னு ஓடுனாள்ல? வந்து பாக்கட்டும்."

தேவாசீர்வாதம் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னான். "நான்தான் மேலுக்கு ஊத்தாம அடுப்புக்குப் போனேன். வேட்டியில மருந்து இருந்துச்சு. தப்பு என்னோடது."

"ஒனக்கு என்னப்பா தெரியும்? ஆம்பள, ஒங்கிட்ட அடுப்பக் குடுத்துட்டுப் போனது யாரு?"

"மருந்து வேல பாக்குறவன் நான். எனக்குத் தெரியாட்டி வேற எவனுக்குத் தெரியும்?"

"சரி, சரி. நீ பேசாமப் படு. ஒன்னையச் சொல்லி என்ன குத்தம்?"

அவன் பண்ணிய தப்பை அவன் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்! பிடுங்கிக்கொண்டு போய், பாளையங்கோட்டையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறவள் தலையில் வைக்கிறார்கள். சாக்குப் போட்டு மூடிய தொட்டியைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அவனுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் நாக்கு எழும்பவில்லை. பிள்ளை கையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது ஒட்டிக்கொண்டது.

மறுநாள் போர்மேன் சீனிவாசகம் ஒரு பொட்டலம் காராச்சேவோடு வந்தார். பிள்ளையின் தலையைத் தடவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னே?"

"நடந்ததச் சொன்னேன்."

"கம்பெனி மருந்துன்னா சொன்னே? ஏம்ப்பா, புத்தி கெட்டுப் போச்சா? அடுப்புத் தீன்னு சொல்லக் கூடாதா? யாராச்சும் வந்து கேட்டா அப்படிச் சொல்லிரு. வீட்டுல பொம்பள இல்ல, அடுப்பு பத்திக்கிருச்சு. அம்புட்டுத்தான். அதுவும் நெசந்தான?"

"தொட்டிக்குத் தண்ணி எப்ப விடுவீக?"

"சீசன் முடியட்டும்ங்கிறேன்ல."

தேவாசீர்வாதம் பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தான். போர்மேன் முகம் சுருங்க எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரணி வந்து நின்றாள்.

ஒரு பையுமில்லை, ஒன்றுமில்லை. தலை கலைந்து, சேலை தெருப் புழுதியில் புரள, வாசலில் வந்து நின்றாள். பாக்கியவதி தரையில் உட்கார்ந்து இடது கையால் புளியங்கொட்டைகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். "அம்மா!" என்றாள். பூரணி நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிள்ளையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

"உசுரோட இருக்கியாடி? எங்கண்ணு, உசுரோட இருக்கியா?"

தேவாசீர்வாதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் திங்கட்கிழமை தாண்டட்டும் என்று அவளுக்கு ஒன்றுமே சொல்லி அனுப்பவில்லை. அவள் இடுப்பிலிருந்து ஒரு தந்தியை எடுத்துப் போட்டாள். பிள்ளை மோசம், உடனே புறப்படு, தேவாசீர்வாதம் என்று இருந்தது.

"நான் அடிக்கலையே பூரணி!"

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். கறுத்துக் கிடந்த அடுப்படியைப் பார்த்தாள். அவன் தொடைக் கட்டைப் பார்த்தாள். எழுந்து வந்து அவன் காது மடலைத் திருப்பினாள். பொடி இன்னும் அங்கே மினுங்கியது.

"மேலுக்கு ஊத்துனீகளா, இல்லையா?"

"இல்ல."

"ஊத்தாமயா அடுப்புக்குப் போனீக?"

"ஆமா."

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு பேச்சு! "அறிவிருக்கா ஒங்களுக்கு? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லிருப்பேன்! சின்னப் புள்ளயா நீங்க? ஊருக்கே மருந்து கலக்குறீகளே, ஒரு பொறி போதும்னு தெரியாது? எம் புள்ள கையி... இந்தக் கையப் புடிச்சு நான் எப்படி எழுத வைப்பேன்? தண்ணி இல்லன்னா பட்டினி போட வேண்டியதுதான! ஒரு நா பட்டினி கெடந்தா செத்தா போவாக?"

வாசலில் நின்ற சபைக்காரர்களில் ஒருத்தி உள்ளே தலையை நீட்டினாள். "ஏம்மா, ஆம்பளையப் போயி இந்த ஏச்சு ஏசுற? அவன் என்ன பண்ணுவான் பாவம்?"

தேவாசீர்வாதம் நிமிர்ந்தான். "ஏசட்டும். நீங்க குறுக்க வராதீக."

அவனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புதன்கிழமையிலிருந்து வராத கண்ணீர். இத்தனை பேர் வந்து போனதில் அவனை மனுஷனாக மதித்துத் திட்டியது இவள் ஒருத்திதான். அவள் ஏச ஏச, நெஞ்சில் கட்டியிருந்தது இளகிக்கொண்டு வந்தது.

கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் சத்தியநாதன் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். வெள்ளை அங்கி, கையில் வேதப்புத்தகம், முகத்தில் ஒரு சாந்தம். சபையின் பள்ளிக்கூடக் கமிட்டியும் அவர் கையில்தான். அவருடைய மூத்த மகள் டிரெயினிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். இதைச் சொல்வது பாவம் என்றால், சொல்லாமல் விடுவது அதைவிடப் பாவம்.

"வந்துட்டியாம்மா? தாய்னா தாய்தான். கர்த்தர் சரியான நேரத்துல கொண்டுவந்து சேத்தாரு."

"தந்தி அடிச்சது நீங்களா அய்யா?" என்றாள் பூரணி.

"நான்தாம்மா. இவன் அடிக்க மாட்டான்னு தெரியும். நல்லதுக்குத்தான அடிச்சேன்."

"மோசம்னு அடிச்சீகளே. பாளையங்கோட்டையில பஸ் ஏறுனதுலேர்ந்து எம் புள்ளைக்கு மனசுக்குள்ள குழி வெட்டிக்கிட்டே வந்தேன். எந்தச் சட்டையப் போட்டு அடக்கம் பண்றதுன்னு யோசிச்சேன். பச்சச் சட்டையா, ரோஸ் சட்டையான்னு. அத நீங்க எனக்குத் திருப்பித் தருவீகளா?"

உபதேசியார் புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கோபப்படாதம்மா. வந்தது வந்துட்ட, புள்ளைகளோட இரு. பள்ளிக்கூடத்தப் பத்திக் கவலப்படாத. கமிட்டியில வேற ஏற்பாடு பாத்துக்கிடலாம்."

"அந்த ஏற்பாடு ஒங்க வீட்டுலதான இருக்கு?" என்றான் தேவாசீர்வாதம். உபதேசியார் அதற்கு மேல் நிற்கவில்லை.

சாயங்காலம் பூரணி தண்ணீர் எடுத்தாள், சோறு பொங்கினாள், பிள்ளைக்கு ஊட்டினாள். "நான் போகலைங்க" என்றாள். "பாடம் கெடக்கட்டும். கட்டு மாத்தும்போது இவ என்னையத் தேடுவா."

"தேடுவா. எனக்கும் தெரியும். ஆனா நீ போவணும். இங்கன இருந்துட்டேன்னு வையி, நான் பண்ணுன தப்புக்கு நீ தண்டன அனுபவிச்சதா ஆயிரும். அம்புட்டுப் பேரும் பேசுனது நெசமாயிரும். சோதி நாளைக்கு 'நான் என்னத்துக்குப் படிக்கணும்'னு கேப்பா."

சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஜோதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் பூரணி பெரிய பானை ஒன்றைப் பூவரச மரத்தடியில் வைத்து நிரப்பினாள். தங்கத்தாயைக் கூப்பிட்டாள்.

"மதினி, இது இவுகளுக்கு மேலுக்கு ஊத்த மட்டும். யார் தாகமா இருந்தாலும் இதுல கை வைக்கக் கூடாது. ஊத்தாம உள்ள போனா வெளக்குமாத்தால அடிங்க."

"நீ போயிட்டு வாத்தா. நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றாள் தங்கத்தாய். பிள்ளை அழுதாள். பூரணியும் அழுதுகொண்டேதான் பஸ் ஏறினாள். திரும்பிப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாசீர்வாதம் மேலுக்கு ஊற்றி, வெளுத்த வேட்டி கட்டி, மூன்று பிள்ளைகளோடும் கோயிலுக்குப் போனான். தொடைப் புண் வலித்ததால் நொண்டி நொண்டி நடந்தான். ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு முடிந்தது. உபதேசியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். சபை முழுக்கக் கண்ணை மூடியது.

"ஆண்டவரே, எங்கள் சபையிலே, பெற்ற தாயால் கைவிடப்பட்டு, தாயில்லாமல் தவிக்கிற சிறு பிள்ளைகளுக்காக உம்மிடத்தில்..."

"நிறுத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது.

கண்கள் திறந்தன. தேவாசீர்வாதம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"இதுகளுக்குத் தாய் இருக்கா. நாளைக்குப் பாடம் நடத்தப் போயிருக்கா. தகப்பனும் இருக்கான், இங்கனதான் நிக்கேன். ஜெபத்த மாத்திச் சொல்லுங்க அய்யா."

"ஆசீர்வாதம், ஜெப வேளையில பேசப்படாது. உக்காரு."

"மாத்திச் சொல்லுங்க, உக்காருறேன். மேலுக்கு ஊத்தாம அடுப்புக்குப் போன தகப்பனுக்காகன்னு சொல்லுங்க. தொட்டிய மூடிட்டு, மருந்து அப்புன ஒடம்போட ஆள வீட்டுக்கு அனுப்புற கம்பெனிக்காகன்னு சொல்லுங்க. புள்ள உசுரோட இருக்கும்போதே மோசம்னு தந்தி அடிச்சவுகளுக்காகன்னும் சொல்லுங்க. எம் பொண்டாட்டி பேர மட்டும் இதுல இழுக்காதீக."

அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவன் குனிந்து தன் நகக்கண்ணைப் பார்த்தான். ஒருவன் கையைத் தூக்கித் தன் காது மடலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் தடவினான்.

உபதேசியார் மறுபடி கண்ணை மூடினார். "ஆண்டவரே, எங்கள் சபையிலே..." என்று ஆரம்பித்து அதிலேயே நின்றார்.

தேவாசீர்வாதம் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க அய்யா. நான் நிக்கிறேன்."